பெர்மிட் காணியும் மாமாவின் பில் மென்பொருளும்

மாமா தன் கடையை விற்றபோது தராசு, மேசை, சீமெந்து அடுக்கும் பலகைகள், வாசலில் நின்ற பழைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எல்லாம் எந்தப் பேச்சுமில்லாமல் கைமாறின. கைமாற மறுத்தது கணினிக்குள் இருந்த பில் போடும் மென்பொருள் மட்டும்தான். அதை விற்ற கம்பனியிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி: உரிமம் மாமாவின் பெயருக்கு மட்டும் உரியது, வேறொருவருக்கு மாற்ற முடியாது, புதிய உரிமையாளர் புதிய உரிமம் வாங்க வேண்டும். அந்த 'மாற்ற முடியாது' என்பது எனக்குள் நெடுநாள் கிடந்து உறுத்தியது. சட்டப்படி முடியாதா, அல்லது விற்றவர் விரும்பவில்லை என்பதால் முடியாதா?

கடை இலங்கையின் வடக்கில், பரந்தன் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியில் இருந்தது. ஒரு பக்கம் கட்டடப் பொருள், மறுபக்கம் உரமும் கிருமிநாசினியும். போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டம் 2012இன் பிற்பகுதியில் சூடுபிடித்தபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் 550,000 ரூபாய் கட்டங்கட்டமாக வந்தது. அத்திவாரம் போட்டுக் காட்டினால் ஒரு கட்டம், சுவர் எழுப்பினால் அடுத்தது. பணம் வங்கிக்கு வருவதற்கு முன்பே சீமெந்து வேண்டும், கம்பி வேண்டும். மாமா கடனுக்குக் கொடுத்தார். உரமும் அப்படித்தான், காலபோகத்துக்கு வாங்கிய யூரியாவின் காசு அறுவடை முடிந்துதான் கைக்கு வரும். இத்தனை கடனையும் சி.ஆர். கொப்பிகளில் எழுதி மாளாது என்ற நிலை வந்தபோதுதான் மென்பொருள் வந்தது. ஒருமுறை கட்டினால் போதும், காலம் முழுக்கப் பாவிக்கலாம் என்றார்கள். கொழும்பிலிருந்து முகவர் அனுப்பிய இளைஞர் ஒரு சி.டி. தட்டுடன் பஸ்ஸில் வந்து இறங்கினார். திரையில் நீண்டதொரு ஆங்கில வாசகம் வந்தது. அவர் அதைப் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார். அந்த நேரத்தில் மாமா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்திட்டது பற்றுச்சீட்டில் மட்டும்தான்.

பின்னர் மகளோடு இருக்கக் கனடா போவதென்று முடிவானது. விசுவமடுவைச் சேர்ந்த தம்பி ஒருவர் கடையை வாங்கினார். நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கையில் 'கணினியும் அதிலுள்ள மென்பொருளும்' என்று ஒரு வரி இருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னவன் நான். கடைகளுக்குக் கணக்கு எழுதுவதே என் தொழில். மாமாவின் விசா இழுபட்டுக்கொண்டிருந்த மாதங்களில் பழைய கணினி படுத்துவிட்டது. புதிய கணினியில் தட்டைப் போட்டு உரிம இலக்கத்தை அடித்தால் ஏற்க மறுத்தது. தொலைபேசியில் கேட்டோம். கடை விற்கப்பட்டுவிட்டது என்பதை அந்தத் தம்பி ஒளிக்காமல் சொன்னார். அதன் பிறகு வந்ததுதான் அந்த இரண்டு வரி. பக்கத்துக் கடைகளில் ஓடுவதெல்லாம் திருட்டு நகல். அவர்களிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. காசு கொடுத்து வாங்கி, உடன்படிக்கை எழுதி, உண்மையைச் சொன்னவர்தான் மாட்டிக்கொண்டார்.

விற்பனையா, அனுமதியா

இந்தக் கேள்வி மென்பொருளுக்கு முன்பே தோன்றியது. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம், ஒரு டொலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்ற அறிவிப்பைப் புத்தகத்துக்குள்ளேயே அச்சடித்தது. மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 சதத்துக்கு விற்றார்கள். 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது. ஒரு பிரதியை விற்றுக் காசு வாங்கியவுடன், அந்தப் பிரதி மேற்கொண்டு எங்கே போகிறது என்பதில் பதிப்புரிமைக்காரருக்குப் பிடி இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பழைய புத்தகக் கடை ஒன்று உலகில் எங்கும் பயமின்றி இயங்குவதற்கு இப்படியான சிந்தனைதான் அடிப்படை.

மென்பொருள் கம்பனிகள் இதிலிருந்து தப்ப ஒரு வழி கண்டன. நாங்கள் எதையும் விற்கவில்லை, பாவிக்க அனுமதி மட்டும் கொடுத்தோம் என்றன. இது நிற்குமா என்பதுதான் அமெரிக்காவில் நடந்த திமோதி வெர்னர் வழக்கின் கேள்வி. கட்டடக்கலை நிறுவனம் ஒன்று வேண்டாமென்று விட்ட ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பதிப்புத் தட்டுகளை அவர் வாங்கி ஈபேயில் விற்றார். அந்த மென்பொருளைத் தயாரித்த ஆட்டோடெஸ்க் கம்பனி எதிர்த்தது. 2008இலும் 2009இலும் கீழ் நீதிமன்றம் வெர்னருக்குச் சார்பாகச் சொன்னது. 2010 செப்டெம்பரில் ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. அது பார்த்தவை மூன்று: இது உரிமம்தான் என்று கம்பனி எழுதியிருக்கிறதா, கைமாற்றுவதைக் கணிசமாகத் தடுத்திருக்கிறதா, பாவனைக்குக் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்கியவர் சொந்தக்காரர் அல்ல. சொந்தக்காரர் அல்லாதவர் எதை விற்க முடியும்? இதில் என்னை உலுக்கிய விடயம், வெர்னர் அந்த உரிம வாசகத்தில் எங்கும் 'ஏற்கிறேன்' சொல்லவே இல்லை என்பது. சொன்னது அந்தக் கட்டடக்கலை நிறுவனம்.

நம்மவர்கள் தவறவிடும் இடம் இதுதான். கைமாற்றக் கூடாது என்பது வெறும் ஒப்பந்த நிபந்தனை என்றால், அதை மீறியதற்குக் கம்பனி மாமாவிடம் மட்டும்தான் நட்டம் கேட்கலாம். ஒப்பந்தத்தில் இல்லாத விசுவமடுத் தம்பியை அது தொடாது. ஆனால் மாமா சொந்தக்காரரே அல்ல என்றாகிவிட்டால் கதை மாறுகிறது. மென்பொருளைக் கணினியில் ஏற்றுவதே ஒரு நகலெடுப்பு. உரிமை இல்லாதவர் ஏற்றினால் பதிப்புரிமை மீறல். வாங்கியவரே குற்றவாளிக் கூண்டுக்குக் கிட்டப் போய் நிற்கிறார்.

ஐரோப்பா வேறு திசையில் போனது. ஆரக்கிள் மென்பொருளின் பாவித்த உரிமங்களை வாங்கி விற்ற யூஸ்ட்சொஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில், 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காலவரையறை இல்லாமல் பாவிக்கும் உரிமையை ஒரு விலை வாங்கிக் கொடுத்தால் அது விற்பனைதான். தட்டில் கொடுத்தாலும் இணையத்தில் இறக்கச் சொன்னாலும் ஒன்றுதான். ஒப்பந்தத்துக்கு உரிமம் என்று பெயர் வைத்தாலே தப்பிக்கலாம் என்று விட்டால் சட்டத்துக்குப் பொருளே இல்லாமல் போகும் என்றும் நீதிமன்றம் எழுதியது. விற்பவருக்கும் கடமை வைத்தது: தன்னிடமுள்ள பிரதியைப் பாவிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும், பலர் பாவிக்கும் ஒரே உரிமத்தைக் கூறுபோட்டு விற்கக் கூடாது. 2016இல் லத்வியாவிலிருந்து போன வழக்கொன்றில் இன்னொரு வரம்பும் வந்தது. அசல் தட்டு பழுதாகிக் காப்பு நகல் மட்டும் மிஞ்சியிருந்தால், அனுமதியின்றி அந்த நகலை விற்க முடியாது. எங்கள் புழுதியில் ஒரு தட்டு எத்தனை காலம் தாங்கும் என்று அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்னதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அது வரி வழக்கு. மென்பொருளுக்காக வெளிநாட்டுக் கம்பனிக்குப் போகும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டியா, பொருளுக்கான விலையா என்பது பிரச்சினை. ராயல்டி என்றால் வரி பிடிக்கலாம். கம்பனிகளின் பக்கத்திலிருந்து வந்த வாதம், இது பொருள் விற்பனைதான் என்பது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வரி அதிகாரிக்கு முன்னால் விற்பனை, பரந்தன் கடைக்காரருக்கு முன்னால் வெறும் அனுமதி!

மாமா கொண்டுவந்த பை

இதையெல்லாம் ஒரு பின்னேரம் வட்டக்கச்சியில் மாமா வீட்டுத் திண்ணையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்கா ஒன்று சொல்கிறது, ஐரோப்பா இன்னொன்று சொல்கிறது என்று விளக்கி முடித்தபோது அவர் எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். 2009இல் வீடு, லொறி, நெல் மூட்டைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனபோதும் இடுப்பில் கட்டிக்கொண்டு போன பை அது. உள்ளே அவருடைய தகப்பனார் காலத்து வயல் பெர்மிட், அதாவது அரச காணியைப் பாவிக்க அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரம்.

"மருமகன், அந்தக் கம்பனியின் கடதாசியையும் எடுங்கள்" என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். நான் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் பெர்மிட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தார். கைமாற்றக் கூடாது: இங்கேயும் உண்டு, பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியில்லாமல் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது: உண்டு. கூறுபோடக் கூடாது: உண்டு. நிபந்தனை மீறினால் இரத்து: உண்டு. ஒன்றுக்கொன்று இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரணைமடுத் தண்ணீரை நம்பிக் குடியேற்றப்பட்ட ஊர்களில் வளர்ந்த எவருக்கும் சொந்த உரித்துள்ள உறுதிக் காணிக்கும் அனுமதியில் மட்டும் இருக்கும் பெர்மிட் காணிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதியதை மாமா ஒரே வரியில் பிடித்துவிட்டார்: "அப்படியென்றால் அவர்கள் எனக்குத் தந்தது உறுதி அல்ல, பெர்மிட்."

அதோடு முடிந்திருந்தால் அமெரிக்கத் தீர்ப்பு சரியென்று நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். மாமா விடவில்லை. "அரசாங்கம் எனக்கு இந்தக் காணியை விற்கவில்லை. விற்காததை விற்காதே என்கிறது, அது நியாயம். பெர்மிட்டுக்கு யாராவது காணியின் முழு விலையை வாங்குவார்களா? அவர்கள் என்னிடம் முழு விலையையும் வாங்கினார்கள்."

அன்றிலிருந்து என் எண்ணம் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. பெர்மிட் காணியின் தடை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. டி.எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்த காலம். குடியேறிய கமக்காரர் ஒரு வரட்சி வருடத்தில் வட்டிக்காரரிடம் காணியை இழந்துவிடக் கூடாது என்பது நோக்கம். அதனால்தான் நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றவும் அந்தக் காணியைக் கைப்பற்றி விற்க முடியாது. தடை யாரைக் கட்டுகிறதோ அவரைக் காப்பதும் அதே தடைதான். அந்தக் காவல் பிள்ளையின் படிப்புக்குக் காசு தேவைப்படும் நாளில் சுமையாகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அது வேறு சண்டை. எப்படியானாலும் அதைச் சட்டசபை எழுதியது, பகிரங்கமாக எழுதியது. இரத்துச் செய்வதென்றால் அறிவித்தல் கொடுக்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், மேன்முறையீட்டுக்கு இடம் விட வேண்டும். மென்பொருளின் தடையை எழுதியவர் விற்றவரே. அதனால் காக்கப்படுபவரும் அவரே. விலையைக் கையில் வாங்கிய பிறகு, திரையில், ஆணி நிறுக்கும் ஒருவரின் பெயரால் இன்னொருவர் அழுத்திய பொத்தானில் அது பிறக்கிறது. வெர்னர் தீர்ப்பின் கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன்: தடை இருக்கிறதா என்று பார்த்தது, அந்தத் தடையை வைக்க இவருக்கு என்ன உரிமை என்று கேட்கவில்லை. எவ்வளவு கடுமையாக எழுதுகிறாயோ அவ்வளவுக்கு நீ விற்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறோம் என்றால், கடுமையாக எழுதாமல் விடும் மடையர் யார்?

கம்பனி பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மாணவர்களுக்கு ஒரு விலை, வியாபாரத்துக்கு ஒரு விலை என்று வைப்பவர்கள், மாணவப் பிரதி அடுத்த நாளே ஒப்பந்தகாரரின் மேசைக்குப் போவதைத் தடுக்க வேண்டும். விற்றவர் தன் கணினியில் ஒரு நகலை வைத்துக்கொண்டே விற்கலாம் என்பதும் உண்மையான பயம். புத்தகத்துக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. சலுகை விலையில் கொடுத்ததை மறுவிற்பனை செய்யக் கூடாது என்றால் நான் வாதாட மாட்டேன். முழு விலை, காலம் முழுதுக்கும் என்று வாங்கிக்கொண்டு அதையே சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றம் போகாமலே கிடைக்கும் தீர்ப்பு

எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. அதே சட்டம், நிரலின் பிரதியொன்றைச் சட்டப்படி சொந்தமாக வைத்திருப்பவர் பாவனைக்கும் காப்புக்கும் ஒரு நகல் எடுக்கலாம் என்கிறது. பிரதிக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருக்கலாம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டு பேசுகிறது. மாமாவுக்காக வாதாடும் சட்டத்தரணி பிடித்துக்கொள்ள வேண்டிய கொப்பு அது. மறுபக்கத்தில் 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், இலத்திரனியல் முறையில் நடந்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஆகவே 'பொத்தான் அழுத்தியது ஒப்பந்தமே அல்ல' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. மாமா அழுத்தவில்லை, அழுத்த யாரையும் பணிக்கவுமில்லை என்பதுதான் வலுவான வாதம்.

ஆனால் இந்த வாதங்களை யார் எங்கே போய்ச் சொல்வது? வணிக மேல் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. ஒரு பில் மென்பொருளின் விலை அங்கே போய்வரும் பஸ் செலவுக்கும் சட்டத்தரணியின் முதல் கட்டணத்துக்கும் காணாது. கம்பனிக்கோ நீதிமன்றமே தேவையில்லை. தொலைவில் இருக்கும் சேவையகம் இலக்கத்தை ஏற்க மறுத்தால் போதும். பெர்மிட் காணியிலிருந்து ஒருவரை எழுப்ப அரசாங்கத்துக்குக்கூட அறிவித்தலும் விசாரணையும் தேவை. மாமாவின் மென்பொருளை இல்லாமலாக்க ஒருவர் கதிரையிலிருந்து எழவும் தேவைப்படவில்லை. தடை சட்டப்படி செல்லுமா என்று நான் இரவிரவாகத் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, அது ஏற்கெனவே செயற்பட்டு முடிந்திருந்தது.

ஊரில் இதற்கும் வழி சொன்னார்கள். பெர்மிட் காணி கைமாறுவது போலத்தான். நொத்தாரிசு உறுதி எழுத முடியாது என்பதால் தன் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் ஓர் அற்றோணித்தத்துவமும் ஒரு கைக்கடதாசியும் எழுதி, பெர்மிட் பழைய பெயரிலேயே இருக்க, வாங்கியவர் வேலி போட்டுக் குடியிருப்பார். அதைப் போலவே மாமாவின் பெயரையும் கடவுச்சொல்லையும் தம்பியிடம் கொடுத்துவிடலாம், கடை கைமாறியதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்றார்கள். அப்படி வாங்கிய காணிகளில் பிறகு என்ன நடந்தது என்பதையும் இதே ஊர் பார்த்திருக்கிறது. பெர்மிட்காரர் இறந்த அன்றே அற்றோணித்தத்துவமும் இறந்துவிடுகிறது. பின்னுரித்தாளராகப் பெயர் எழுதப்பட்ட பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து படலையைத் தட்டுகிறது. மாமா ரொறன்ரோவில் இருக்க, ஒவ்வொரு கணினி மாற்றத்துக்கும் அவரை நடு இரவில் எழுப்பி இலக்கம் கேட்டுக்கொண்டிருப்பதை எந்த வியாபாரி விரும்புவார்?

கடைசியில் கிளிநொச்சியில் ஒருவர் பழைய வன்தட்டை உயிர்ப்பித்துத் தந்தார். கடன் விபரம் முழுவதையும் கடதாசியில் அச்சடித்து எடுத்தோம். சிறுபோகக் கடன் தப்பியது. தம்பி இப்போது வேறொரு மென்பொருளுக்கு மாதாமாதம் கட்டுகிறார். பெரிய கம்பனிகள் போன வழியும் அதுதான். அடோபி 2013இல் தன் முக்கிய மென்பொருட்களைச் சந்தாவுக்கு மாற்றியது. வெர்னர் வழக்கில் வென்ற ஆட்டோடெஸ்க்கூட 2016இல் பெரும்பாலான மென்பொருட்களுக்கு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு நிற்பதே காலவரையறை இல்லாத உரிமம் என்ற நிபந்தனையின் மேல். மாத வாடகைக்கு அது பொருந்தாது. மறுவிற்பனை உரிமை வென்ற கண்டத்திலேயே விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போய்க்கொண்டிருக்கிறது. தம்பிக்கு இதில் கவலை இல்லை. குறைந்தபட்சம் இவர்கள் வாடகை என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள் என்கிறார். அதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு மாதம் கட்டத் தவறினால் அவருடைய கடன் கணக்கு யாருடைய கையில் இருக்கும் என்று கேட்டேன். அதற்காகத்தான் சி.ஆர். கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறேன் என்று மேசை லாச்சியைத் திறந்து காட்டினார்.

மாமா போவதற்கு முன், மென்பொருளுக்கென்று மதிப்பிட்ட தொகையைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி வேண்டாம் என்றார், மாமா கேட்கவில்லை. இப்போது கடை கைமாறும் உடன்படிக்கை எதற்காவது என்னைக் கூப்பிட்டால் மூன்று விடயங்களைச் சேர்க்கச் சொல்கிறேன். மென்பொருளின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும். கைமாற்றத்தைக் கம்பனி ஏற்காவிட்டால் அந்தத் தொகையை விற்றவர் திருப்ப வேண்டும். அதற்கு முன்பே கடன் கணக்கு முழுவதையும் வேறு கோப்பாக இறக்கிக் கொடுத்திருக்கவும் வேண்டும். முதல் தடவை இதைச் சொன்னபோது நொத்தாரிசு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தம்பி, நாற்பது ஐம்பது பரப்புக் காணிக்கே சனம் இவ்வளவு யோசிப்பதில்லை" என்றார். பிறகு எழுதினார்.